பட்டுப்புடவையில் ஒரு பேட்டி

கல்லூரி ப்ராஜெக்டுக்காக நானும் என் வகுப்புத் தோழியும் பாடாலூர் பக்கம் மழையில் அழுகிப்போன சின்ன வெங்காயத்தைப் படம் எடுக்கப் போயிருந்தோம். பெரம்பலூர் கல்லூரியில் ஊடகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். பேட்டி என்றதும் வயல்கார அக்கா வீட்டுக்குள் போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். பாச்சா உருண்டை வாசனை குப்பென்று அடித்தது.

அந்த வாசனையில் என் அம்மா வந்து நின்றார். திருமழபாடியில் கொள்ளிடத்து வெள்ளம் எங்கள் சமையலறைச் சுவரைச் சாய்த்தபோது நான் இரண்டாம் வகுப்பு. டிவிக்காரர்கள் வந்ததும், பரணில் நனையாமல் தப்பிய கல்யாணப் புடவையை அம்மா கட்டிக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எங்கள் ஊரில் யாரும் கந்தலோடு நிற்க மாட்டார்கள்.

மைக் பிடித்தவர் முகத்தைச் சுளித்தார். "இதுல கஷ்டப்படுற மாதிரியே தெரியலையேம்மா. பழசு ஏதாச்சும் கட்டிட்டு வாங்க."

அம்மா சேறு படிந்த புடவைக்கு மாறி வந்து பேசினார். சாயந்திரம் பக்கத்து வீட்டு டிவியில் அது வந்தபோது எழுந்துவிட்டார். "நான் அலங்கோலமா நின்னாத்தான் நம்புவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து தோழி சொன்னாள்: "அக்கா, பழைய புடவை இருந்தா மாத்திக்கிறீங்களா? அப்பத்தான் நேச்சுரலா இருக்கும்."

இதைக் கற்கவா இத்தனை நாள் படித்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாத்த வேணாங்க்கா. இப்படியே பேசுங்க" என்று நானே கேமராவை எட்டி ரெக்கார்டை அழுத்தினேன்.

"மார்க் கொறையும்டி" என்றாள் தோழி.

"கொறையட்டும். அவங்க பட்டு கட்டுனதால அழுகுன வெங்காயம் நல்லாயிடுச்சா?"