அப்பா தோற்ற குஸ்தி

பிள்ளைகளே, லீவு நாளில் துபாயில் தேரா என்ற பகுதியின் மணலில் பாகிஸ்தான்காரர்கள் குஸ்தி போட்டார்கள். ஒருவர் தொடையைத் தட்டிய சத்தத்தில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

உங்கள் தாத்தா திருவிழாக்களில் காசு வாங்காமல் குஸ்தி போடுவார். தோற்றதே இல்லை. பிடி வழுக்காமலிருக்க அவர் கைகளில் செம்மண் தேய்த்துவிடுவது நான்தான்.

அந்த வருடம் எதிரே நின்றவர், அத்தைக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அண்ணன். அமுக்கிப் பிடித்திருந்தவரை அப்பா தானாகவே விட்டார். அடுத்த நொடி அப்பாவின் முதுகு மண்ணில் பட்டது.

"ஏம்ப்பா விட்டீங்க?"

"கை வழுக்கிருச்சுடா."

"நல்லாத்தானே மண்ணு தேச்சேன்?"

"எங்க தேச்ச? தடவிட்டு ஓடிட்ட."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அத்தை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அப்பா விட்டுக்கொடுத்த காரணம் பிறகுதான் புரிந்தது. அதை அன்றே என் காதில் மட்டும் சொல்லியிருந்தால், நானும் அவரோடு சேர்ந்து தோற்றிருப்பேன்.