நவச்சார மிட்டாய்

மிட்டாயில் உப்பைப் போடலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவரை உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரருக்கும் தைத்து அனுப்புகிற எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொள்கிற வேலை. துணி சுருங்குமா, சாயம் போகுமா, கேட்ட நிறம் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான். எங்களுக்கு வருகிற ஆர்டர்களில் பெரியது ஹாலந்து மேடத்துடையது. நான் ஓகே என்றால் அவரும் ஓகே என்பார், மறுகேள்வி கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

அவர் முதல்முறை வந்தபோது ஒரு பாக்கெட் கறுப்பு மிட்டாய் கொண்டுவந்தார். அவர்கள் ஊரில் குழந்தைகள்கூட அள்ளித் தின்பார்களாம். எங்கள் முதலாளி ஒன்றை வாயில் போட்டார். கண் இரண்டும் சுருங்கிப் போயின. எப்படியோ விழுங்கிவிட்டு, "சூப்பர் மேடம், சூப்பர்" என்றார். அடுத்த நொடியே பாக்கெட்டை என் பக்கம் தள்ளி, என்னைக் காட்டி, "ஷி லைக் வெரி மச்" என்றார். நான் அதுவரை அதைத் தொடவே இல்லை.

வாயில் போட்டேன். நாட்டு மருந்துக் கடை அதிமதுரம்தான். அதோடு உப்பு, உப்போடு மூக்கில் ஏறுகிற இன்னொரு கெட்ட காரம். என்னவென்று பிறகு தேடிப் பார்த்தேன். நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்ப்பாரே, அதே சரக்கு. அதைப் போய் மிட்டாயில் போட்டிருக்கிறார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று மேடம் ஆவலோடு கேட்டார். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன். வேறென்ன சொல்வது? விருந்தாளி கையால் கொடுத்ததை நன்றாக இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டுக்கூட "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லித்தான் எழுந்திருப்போம். அது மரியாதை, சாட்சி சொல்வது அல்ல. இது மேடத்துக்கு எப்படித் தெரியும்? அவர் ஊரில் பிடிக்கும் என்றால் பிடிக்கும். அடுத்த முறை பெரிய பாக்கெட்டாகவே வந்தது.

மிட்டாயோடும் நிற்கவில்லை. நான் ருசி தெரிந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. ஒரு முறை நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டி வந்தது. "வீசிப் போடாதீங்க அம்மிணி, திரும்பி வந்து கேட்டாங்கன்னா என்னங்க சொல்றது?" என்று முதலாளி அதை ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். டீ போடுகிற அக்கா தூத்துக்குடிப் பக்கம், கருவாட்டோடு வளர்ந்தவர். அவரே மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, உள்ள எலி எதுவும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். பாலில் அந்த வாடை ஏறி, ஆபீஸ் முழுக்க வெறும் டீ குடித்தார்கள். பேச்சு வாங்கியது நான்.

மண்ணரையில் இன்னொரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற என் தோழிக்கு, ஆர்டர் கொடுக்கிறவராக வாய்த்தவர் ஜப்பான்காரர். எச்சில் போல நூல் நூலாக இழுபடும் புளித்த சோயா மொச்சையை அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறாள். கேட்டால் எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுகிறார்கள்: பழகினால் பிடித்துப்போகுமாம். நான் எதற்குப் பழக வேண்டும்? அவர்கள் கருவாட்டுக்குப் பழகட்டும் என்று நான் கேட்டேனா?

ஒருநாள் முதலாளி வீட்டில் மேடத்துக்கு மதிய விருந்து. ஊத்துக்குளி நெய் மணக்க மணக்கப் பருப்புச் சாதம், பாகற்காய் வறுவல். மேடம் பாகற்காயை ஒரு கடி கடித்தார். மிச்சத்தை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, "நன்றி, இது எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். முதலாளியின் மனைவி சிரித்துக்கொண்டே, "பரவாயில்லீங்க, வெச்சுருங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆர்டர் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதற்கடுத்த முறை வந்தபோது, நிற அட்டை வேண்டும் என்றார். நான் சாயப்பட்டறைக்காரரோடு போனில் கத்திக்கொண்டிருந்தேன். அவரே என் மேஜை டிராயரை இழுத்துத் தேடினார். உள்ளே அத்தனை கறுப்பு மிட்டாய் பாக்கெட்டும், முதலாவதைத் தவிர மற்றவை பிரிக்காமலே, அடுக்கியிருந்தன. ஆபீஸில் ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை, தூக்கிப் போடவும் முதலாளி விடவில்லை, நான் வேறெங்கே வைப்பேன்?

மேடம் முதலில் சிரித்தார். "உங்களுக்கு இது பிடிக்காதா?" என்று கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டார். "நோ நோ மேடம், ஷி லைக் வெரி மச். சேவிங், சேவிங்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பிடிக்காது. ஒரு நாளும் பிடித்ததில்லை" என்றேன்.

மேடத்தின் சிரிப்பு நின்றது. "அப்படியானால் போன சீசனில் நிறம் சரியாக இருக்கிறது என்றீர்களே, அது?"

"அது உண்மை."

"துவைத்தால் சாயம் போகாது என்றது?"

"அதுவும் உண்மை. துணி வேறு, மிட்டாய் வேறு."

"இரண்டையும் ஒரே முகத்தோடுதானே சொன்னீர்கள்" என்றார்.

துணி விஷயத்தில் நான் ஒரு பொய் சொன்னதில்லை. ஒரு நூல் பிசகினாலும் முதலாளியோடு சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையெல்லாம் இப்போது யாரிடம் காட்டுவது?

ஊருக்குப் போனதும் மெயில் அனுப்பினார். இனி எல்லாவற்றையும் வெளியாள் ஒருவர் வந்து பரிசோதிப்பார், அவர் சொன்னால்தான் ஓகே. "ஆர்டர் போகலியே அம்மிணி, அப்பறம் எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க?" என்றார் முதலாளி. நான் பார்த்து முடித்த துணியையே அந்தப் பரிசோதகர் மறுபடி பார்க்கிறார். நான் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

போன மாதம் மேடம் வந்திருந்தார். கறுப்பு மிட்டாய் இல்லை, சாக்லேட் பெட்டி. திறந்து என்னிடம் நீட்டினார். சாக்லேட் என்றால் எனக்கு உயிர். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை, கஷ்டப்பட்டுச் சாப்பிட வேண்டாம்" என்று சொல்லி, பெட்டியை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.