விருதுக்குக் காய்ந்த பாவு

எங்கள் நெசவாளர் சங்கத்துக்குத் தரத்துக்கான விருது வாங்கியே தீருவது என்று மேலாளர் வெறிபிடித்து அலைந்த சமயம். மறுநாள் வரவேண்டிய மதிப்பீட்டாளர்கள் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்கள். அன்று காலையில்தான் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, நீட்டிக் கஞ்சி போட்டிருந்தேன். ஈரம் காய்வதற்குள் நாலைந்து பேர் நின்று இழைகளைப் பிரித்தாக வேண்டும். இல்லையென்றால் ஒட்டிக்கொண்டு பாவு பாழ், தறிக்கு வேலை இல்லை.

மேலாளர் வண்டியில் வந்து எங்கள் எல்லாரையும் மாடு ஓட்டுவதுபோல் கூட்டத்துக்கு ஓட்டிப்போனார். 'அறிவுப் பகிர்வு' என்று பேனர். எட்டாவதோடு நின்ற என்னிடம் மதிப்பீட்டாளர்கள் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று ஒருபக்கம் பயம். ஜன்னலில் ஏறும் வெயில் மறுபக்கம். மேலாளர் திரையில் காட்டிய தலைப்போ, கஞ்சி போட்ட பாவு ஒட்டாமல் காப்பது எப்படி!

எழுந்துவிட்டேன். "சார், என் பாவு தெருவுல காஞ்சிக்கினு இருக்குது சார்."

"உக்காருபா. அதப் பத்தித்தான பேசிக்கினு இருக்கோம்?"

மதிப்பீட்டாளர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என் காதில், "கவலப்படாதபா, வெயிலயும் கூட்டத்துக்குக் கூப்ட்டிருப்பாரு" என்றார்.

திரும்பியபோது பாவு அப்பளமாய் விறைத்துக் கிடந்தது. பின்னாலேயே மேலாளரும் வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன், அவ்வளவு அசடு நான். அவர் செல்போனை எடுத்துப் பாவைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். "சூப்பர்பா. விருது அறிக்கையில 'கற்ற பாடங்கள்'னு ஒரு பக்கம் காலியா இருந்துச்சு."

விருது வந்தது. தறி சும்மா கிடக்க, நானும் போய்ச் சங்கத்தில் கொடுத்த லட்டை வாங்கிக்கொண்டேன். அதில் நெய் வாசனையே இல்லை.