தலையணை இருந்த பக்கம்

ஒல்லாந்தரின் பழவேற்காட்டுக் கோட்டை மருத்துவமனையில், வழிப்போக்கனான நான் மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறேன். காய்ச்சலில் கிடக்கும் மீனவர் மாரி, எத்தனை முறை திருப்பிக் கிடத்தினாலும் தலையணையில் காலை வைத்தே படுக்கிறார். அவருக்குச் சித்தம் கலங்கியதாக முடிவுகட்டிய ஒல்லாந்து வைத்தியர், இரத்தம் வடிக்கக் கத்தி தீட்டுகிறார். வைத்தியருக்குப் பணிதலே நோயாளியின் முதல் அறம் என்று, வாதசபைகளை வென்ற குரலில் முழங்குகிறேன்.

மாரியின் மனைவி கையமர்த்துகிறாள். "இம்மா நேரம் பேசுனியே நைனா, தலகாணி எந்தப் பக்கம் கீதுனு பாத்தியா? வடக்க தல வெச்சுப் படுத்தா எமன நாமளே கூப்ட்ற மாதிரி."

அவள் சொன்னதை வைத்தியரிடம் சொல்கிறேன். அவரே தலையணையை எடுத்துத் தெற்கே வைக்கிறார். மாரி கண்ணயர்கிறார். கத்தியை உறையிலிட்ட வைத்தியர், வேறென்ன குறை என்று அவளிடம் கேட்கும்படி என்னிடம் சொல்கிறார்.

"அவரு தூங்கணும். நீ மெதுவா பேசு."

அதை வைத்தியருக்குக் கிசுகிசுப்பாக மொழிபெயர்க்கிறேன்.