எதிர்ப்பக்கம் நின்ற விமானம்

இது கற்பனை இல்லை. எனக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரித்தவன்தான் நானும். இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். வானத்தில் பறப்பதைவிடத் தரையில் உருட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து என்று சொன்னால், புதிதாக வரும் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் அனுமதி கொடுக்கும்வரை அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால், இறங்கிக்கொண்டிருக்கும் விமானம் நேராக உங்கள் தலையில். அவ்வளவுதான் விஷயம்.

கோபுரம் "நில்" என்றால் நாம் "நிற்கிறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வம்பே அங்கேதான். கவனமெல்லாம் பேச்சில் போய்விடும். பிரேக்கை அழுத்திய கால் தளர்ந்துவிடும். முன்னால் விசிறி சுற்றிக்கொண்டே இருப்பதால் விமானம் பூனை மாதிரி நகர ஆரம்பிக்கும். வாய் நிற்கிறேன் என்று சொல்லும், சக்கரம் போய்க்கொண்டிருக்கும். அதனால் என் பாடம் ஒன்றே ஒன்று. "முதல்ல கால், அப்புறம் வாய்." பிரேக்கை அழுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். மறந்தவன் அன்று முழுக்க என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

வகுப்பில் ஒரு பழைய விபத்தைச் சொல்லிப் பயமுறுத்துவேன். எங்கள் ஓடுபாதையிலேயே நடந்தது, நான் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முன்னால். ஒரு வாத்தியார் தனியாக விமானத்தில் இருந்தபோது, "நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். இறங்கிய விமானம் மோதி இரண்டு பேர் போனார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "நிற்கிறேன் வாத்தியார்" என்று அவருக்கு நானே ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். செத்தவரைக் கிண்டல் செய்கிறோமே என்று ஒரு நாளும் எனக்கு உறுத்தியதில்லை.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. "சரிங்க சார்." எதைச் சொன்னாலும் சரிங்க சார். புரிந்ததா? சரிங்க சார். புரியவில்லையா? சரிங்க சார். தங்கமான பையன், ஆனால் அவன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

வானத்தில் என் தங்கை இருந்தாள்.

பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு அது இரண்டாவது தனிப் பறப்பு. பக்கத்து இருக்கை காலி, கீழே இறக்க அவளைத் தவிர யாரும் கிடையாது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து, காய்ச்சலில் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டது வரை எல்லாம் நான்தான். எனக்கு என்று இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான்.

மாலை 6.10. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஓடுபாதையின் தூரத்து முனையில் மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. நானும் சரிங்க சாரும் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றோம். அவன் பிரேக்கை அழுத்தினான். என் பக்கத்து பிரேக்கில் நானும் காலை வைத்துக்கொண்டேன். பாப்பா இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ரேடியோவில் நாங்கள் பேசும் பாஷையே வேறு. உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

"கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள்," என்றது கோபுரம். பெண் குரல். பல வருஷமாக அங்கே இருக்கும் மேடம்.

"நிற்கிறேன்," என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே, இன்னொரு விமானம் நின்றுகொண்டிருந்தது.

எங்களுடையது போலவே சின்ன விமானம். முன்விளக்கு எரிந்தது. ஆனால் வெளிச்சம் மங்கிய மஞ்சள்... இப்போது யாரும் அந்த மாதிரி விளக்குப் போடுவதில்லை. விளக்கு எரிகிறது, ஆனால் அதற்கு முன்னால் இருந்த தரையில் வெளிச்சம் விழவில்லை. புல் இருட்டாகவே இருந்தது.

"எதிர்ல ஒரு பிளேன் நிக்குதே, தெரியுதா?"

"சரிங்க சார்."

அவனுக்கும் தெரிகிறது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கோபுரத்தைக் கேட்டேன். எதிரில் நிற்பது யார்?

"எதிரில் யாரும் இல்லை. நீங்கள் நில்லுங்கள்."

"நிற்கிறேன்," என்றேன்.

"நிற்கிறேன்," என்று இன்னொரு குரல் சொன்னது.

ஆண் குரல். என் காதுக்குள்ளேயே பேசிய மாதிரி இருந்தது. எதிரில் இருந்த விமானம் கொஞ்சம் முன்னால் வந்தது.

6.13. பாப்பா கடைசித் திருப்பம் திரும்பிவிட்டாள். தூரத்தில், மூடுபனிக்கு மேலே, அவளுடைய வெள்ளை விளக்கு. நேராக ஓடுபாதையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இறங்குகிறேன்," என்றாள். குரலில் கொஞ்சம் நடுக்கம், நிறைய சந்தோஷம்.

"நிற்கிறேன்," என்றது அந்தக் குரல்.

சக்கரம் நகர்ந்தது.

வாய் நிற்கிறேன் என்கிறது, சக்கரம் வருகிறது. தினமும் நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கும் அதே தப்பு, என் கண் முன்னால், என் தங்கை இறங்குகிற பாதையில்.

"பாப்பா! இறங்காதே, மேலே போ!" என்று ரேடியோவில் கத்தினேன்.

கீய்ய்ய்ங்... என்று ஒரு கீச்சொலி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ரேடியோவை அழுத்தினால் அப்படித்தான் கேட்கும். ஒருத்தர் பேச்சும் யாருக்கும் போய்ச் சேராது. பொத்தானை விட்டேன்.

"நிற்கிறேன்... நிற்கிறேன்..."

மறுபடியும் அழுத்தினேன். "எதிரில் ஒருத்தன் கோட்டைத் தாண்டுகிறான்! மேலே போ!"

கீய்ய்ய்ங்...

எதிர் விமானத்தின் மூக்கு ஓடுபாதை ஓரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ஓர் ஆள் தெரிந்தார். முகம் தெரியவில்லை. கை மட்டும் கண்ணாடியைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை. அந்த விமானத்தின் எஞ்சின் சத்தமும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடவுளே, அவளை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். அவள் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. ரேடியோ செத்துவிட்டது. கோபுரம் பார்க்கவில்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

எதிரில் வருகிறவன் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நான் நடுப்பாதையில் போய் எல்லா விளக்கையும் போட்டு நின்றால்? என்னைப் பார்த்தாவது மேலே போவாள் இல்லையா?

"காலை எடு!" என்றேன்.

"வேண்டாம் சார்!"

அவன் வாயிலிருந்து முதல்முறையாக வேறு வார்த்தை வந்தது. எனக்குக் காதில் ஏறவில்லை. அவன் காலைத் தட்டிவிட்டு எஞ்சினை முடுக்கினேன்.

மஞ்சள் கோட்டைத் தாண்டினேன்.

நான்தான் தாண்டினேன்.

நடுப்பாதையில் நிறுத்தினேன். எல்லா விளக்கையும் போட்டேன். எதிரே பார்த்தேன்.

புல்.

வெறும் புல். விமானம் இல்லை... விளக்கு இல்லை... ஒன்றுமே இல்லை.

மூடுபனி எங்கள்மேல் வந்து கவிந்தது.

சரிங்க சார் அலறினான்.

வெள்ளை விளக்கு.

நேராக.

"பாப்பா..."

தலைக்கு மேலே இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். விமானம் கிடுகிடுவென்று ஆடியது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சத்தம் எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே. மேலேதான் போனது.

6.15. கீச்சொலி நின்றது.

"நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிகிறதா?" என்று கோபுரத்து மேடம் கேட்டார். அந்தக் குரல் அழுகிற குரல். விமானத்தை ஓடுபாதையை விட்டு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். மாணவன் பக்கத்தில் இருக்கிறான் என்ற வெட்கம்கூட இல்லை.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "நீயும்தானே பார்த்தே? எதிர்ல நின்னுச்சே?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இல்ல சார். நான் எதையும் பாக்கல."

"கேட்டப்போ சரிங்க சார்னு சொன்னியே!"

"நீங்க கேட்டீங்க சார்... சொல்லிட்டேன்."

அவனை அடிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

பாப்பா இன்னொரு சுற்றுச் சுற்றி, மூடுபனி விட்ட ஓர் இடைவெளியில் இறங்கினாள். நிறுத்துமிடத்தில் விமானத்தை விட்டு இறங்கியவள் நேராக ஓடிவந்து என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஓடுபாதையில யாராவது இறங்கி ஓடி வருவாங்களா?"

"யாரு ஓடி வந்தா?"

"நீதான்! மூடுபனியில உன் பிளேனே எனக்குத் தெரியலண்ணா. ஒரு விளக்குகூடத் தெரியல. இறங்கிடலாம்னுதான் வந்தேன். நீ ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு எனக்கு நேரா ஓடி வந்தே பாரு... அதைப் பாத்துதான் மேல இழுத்தேன். ஒரு நொடி தாமதிச்சிருந்தா உன்னையே அடிச்சிருப்பேன்."

"பாப்பா, நான் இறங்கவே இல்ல. பெல்ட்கூடக் கழட்டல. இவனைக் கேளு."

சரிங்க சார் தலையாட்டினான். அவன் தலையாட்டலை அன்று யாரும் மதிக்கத் தயாராக இல்லை.

"பொய் சொல்லாத. ஹெட்செட் கழுத்துல தொங்கிச்சு. வயர் தரையில இழுத்துக்கிட்டே வந்துச்சு. நான் பாத்தேன்."

என் கழுத்தில் இருந்த ஹெட்செட்டை மெல்லக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அது வயர் இல்லாத ஹெட்செட். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீடு போகும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சின்ன வயதில் பிடித்துக்கொள்வாளே, அந்த மாதிரி.

விசாரணை நடந்தது. களைப்பு என்று எழுதி, கற்றுக்கொடுக்கும் அனுமதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நியாயம்தான். நான் கோட்டைத் தாண்டாமல் இருந்திருந்தால் அன்று எந்த ஆபத்தும் இல்லை. என் தங்கையைக் கொல்லப் போன ஒரே விமானம் நான் உட்கார்ந்திருந்த விமானம். இதை நினைக்காமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

சாமான்களை எடுக்கக் கடைசியாகப் போனபோது கோபுரத்து மேடம் படியிறங்கி வந்தார். கார் நிறுத்துமிடத்தில், என் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவர் போல இருந்தார்.

"அந்தப் பழைய விபத்து அன்னிக்கும் நான்தான் டியூட்டி சார். வேலைக்குச் சேர்ந்த புதுசு."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அவரு அஜாக்கிரதையா தாண்டினார்னு நீங்க வகுப்புல சொல்றதா கேள்விப்பட்டேன். அப்படி இல்ல. எதிர்ல ஒருத்தன் கோட்டைத் தாண்டுறான், மேல போன்னு ரேடியோல கத்தினாரு. பாதி கீச்சு, பாதிதான் கேட்டுச்சு. அப்புறம் நடுப்பாதையில போய் நிறுத்தினாரு. நிறுத்திட்டு கதவைத் திறந்து இறங்கிட்டாரு சார். இறங்குற பிளேனுக்கு நேரா ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு ஓடினாரு. ஹெட்செட் கழுத்துல தொங்குது, வயர் பின்னாலயே இழுபடுது... இன்னிக்கும் என் கண்ணுல நிக்குது."

பாப்பா சொன்னதை நான் விசாரணையில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"யாரு இறங்கிட்டு இருந்தாங்க மேடம்?"

"அவரோட பொண்ணு. தனியா."

"அவ..."

"மேல போகல சார்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காரின் கதவைத் திறந்தேன். உடனே மூடினேன். கேட்காமல் போக முடியவில்லை.

"அன்னிக்கு எதிர்ல... உண்மையிலேயே பிளேன் நின்னுச்சா?"

அவர் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் பிளேன் வர வழியே கிடையாது, உங்களுக்கே தெரியும் சார். அன்னிக்கும் புல்லுதான், இன்னிக்கும் புல்லுதான்."