மங்கலாக்கிய முகம்

மான், மலையேற்றம், ஊர்ப் பிரச்சினை என்று எது கிடைத்தாலும் பத்து நிமிடப் படமாக எடுத்து இணையத்தில் போடுவது என் பிழைப்பு. கிரிவலப் பாதையில் பிளாஸ்டிக் தின்று செத்த மானைப் படமெடுத்துப் போட்டபோது செங்கம் ரோட்டு அறைகளில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மனுஷன் செத்தால் எவனும் அழமாட்டான். அந்த எரிச்சலோடுதான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஏரியைப் படமெடுக்கப் போனேன்.

ஏரி என்று பேர்தான். பொக்லைனை இறக்கி மண்ணைத் திருடித் திருடி, கிணறு கிணறாகக் குழி போட்டு வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் ஏறியதும் எது குழி, எது தரை என்று தெரியாமல் போனது. மாடு கழுவ இறங்கிய ஒருவர் அப்படியே உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவிதான் என் படத்தில் பேசினார். அழவில்லை. எந்த நேரத்தில் லாரி வரும், எந்தப் பக்கம் போகும், கேட்கப் போனவர்களை எப்படி மிரட்டினார்கள் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்.

மண் அள்ளுகிறவர்கள் பொல்லாதவர்கள். இந்த அம்மாவுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று எடிட்டிங்கில் முகத்தை மங்கலாக்கிவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. படம் அவர் ஊரில் செல்போன் செல்போனாகச் சுற்றியது.

அந்த வாரமே பஸ் பிடித்து என் அறைக்கு வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"என்னா வேல செஞ்சி வச்சிருக்கீங்க தம்பி? டிவில யாருக்கு மூஞ்ச மறைப்பாங்க? லாட்ஜ்ல புடிச்ச பொம்பளைக்குத்தான மறைப்பாங்க?"

உங்கள் பாதுகாப்புக்குத்தான் அக்கா என்று இழுத்தேன்.

"பொடவைய பாத்தாலே நான்னு ஊருக்குத் தெரியுது. அப்பறம் என்னா பாதுகாப்பு? புருசன் செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள இவ எந்தக் கேசுல மாட்டுனானு கேக்கறாங்க. எம் பொண்ண பாக்க வரேன்னவங்க வரலனுட்டாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் உயிருக்குப் பயந்து செய்தால் என்னையே ஏசுகிறீர்களா என்று கேட்டும்விட்டேன். முகத்தைக் காட்டினால் வீடு தேடி வருவார்கள் என்றேன்.

"வரட்டும். குழி வெட்டுனவன் மூஞ்ச தொறந்துக்கினு டீக்கடைல குந்தினு இருக்கான். நான் எதுக்குங்க மூடணும்?"

சொல்லும்போதே உடைந்து அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தே மறைப்பை எடுத்தேன். திரையில் தன் முகம் தெளிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ எளைச்சிட்டனா நான்?" என்றார்.

முகம் தெரிகிற படத்தை மறுபடி வெளியிட்டேன். பெண் கேட்டவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் ஊர் வாய் அடங்கிவிட்டது என்று போனில் சொன்னார். தொலைந்தது சனி என்று இருந்தேன். சனியாவது தொலைவதாவது. அடுத்த வாரம் ஒருநாள் காலையில் மறுபடி போன்.

"வாசல்ல ஒரு லோடு மண்ணக் கொட்டிட்டுப் போயிருக்கானுங்க தம்பி. கால வைக்க முடியல. கேமராவ எடுத்துக்கினு வாங்க."

வண்டிச் சாவியைப் போடும்போது போகாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரும் மகளும் பின்பக்கமாக வெளியே வந்து நின்றிருந்தார்கள். வாசற்கதவு பாதிவரை ஈர மண்ணில் புதைந்து கிடந்தது. அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

கேமராவை வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அக்கா என்றேன். அவர் கேட்கவில்லை. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி லென்சுக்கு நேரே நீட்டினார்.

"ஏரி மண்ணுதாங்க. அவரத் தூக்கும்போது வாய் நெறைய இதே மண்ணுதான் இருந்துச்சி."