மூலை வெட்டின நிறை அட்டைகள்

தாதி வேலை எண்டால் பாதி நோயாளியைப் பாக்கிறது, மிச்சம் எழுதி வைக்கிறது, அதுக்கு மேலால இன்னொருத்தி எழுதினதை நம்பாமல் இருக்கிறது. இந்த வேலையில கால் கடுக்க நிண்ட ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாட்டுக்குள்ள வந்ததும் நாங்கள் முதல்ல சந்தேகப்படுறது நோயை இல்லை, போன ஷிஃப்ற்காரியை. "மருந்து குடுத்தனெண்டு எழுதியிருக்கிறாள், குடுத்தாளோ ஆருக்குத் தெரியும்" எண்டுதான் எங்கட நாள் விடியும். நான் யாழ்ப்பாணத்தில பதினொரு வருசம் அப்பிடி விடிஞ்சு வந்தவள். எண்பதுகளின்ர நடுவில டென்மார்க்குக்கு வந்து இறங்கேக்க சீலையளை ஊரில விட்டிட்டு வந்தன், அந்தக் குணம் மட்டும் கூட வந்திட்டுது.

ஓகூஸ் பட்டினத்தில காலமையில முதியோர் இல்லத்தில கிழவியளைக் குளிப்பாட்டுற வேலை. பின்னேரத்துக்கு இன்னொண்டு கிடைச்சுது. சுகாதார ஆராய்ச்சிக் கந்தோர் ஒண்டில, தென்னாபிரிக்காவின்ர மலைப்பக்கத்துக் கிளினிக்கில இருந்து வாற பிள்ளையளின்ர நிறை அட்டையளை வாசிச்சு, தாளில வரிசையாய்ப் பதியவேணும். தாதிமாரின்ர இங்கிலீசுக் கிறுக்கலை வாசிக்க ஆள் வேணுமெண்டு கேட்டிருக்கினம். டெனிஷ் வகுப்பு ரீச்சர் என்ர பேரைக் குடுத்திட்டா.

தமிழ்ப் பேர்க்காரி

அந்த அறைக்குப் பொறுப்பாய் இருந்தவ சிஸ்டர் படையாச்சி. பேரைக் கேட்ட சந்தோசப் புழுகத்தில "நீங்கள் எந்த ஊர்?" எண்டு தமிழில தொடங்கினன். மனிசி சிரிச்சா. ஒரு சொல்லும் விளங்கேல்லை. டர்பனில பிறந்தவவாம். பூட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினவராம். வீட்டில தமிழ் அழிஞ்சு போச்சுது, பேரும் புளிக்கறியும்தான் மிச்சம் எண்டு இங்கிலீசில சொன்னா. அங்க தாதியாய் இருந்து, அரசாங்கத்தோட கொழுவி, ஓடி வந்தவ.

முதல் நாளே கதவைச் சாத்திப்போட்டு எனக்கு ஒரு விசயம் சொன்னா. பழைய அட்டையளை எரிக்கச் சொல்லி அங்க உத்தரவு. எரிக்காமல் ஒளிச்சு இஞ்ச அனுப்புறவள் இன்னும் அந்தக் கிளினிக்கிலதான் வேலை செய்யிறாள். பேர் க்ரேஸ். ரெண்டு சின்னப் பிள்ளையள். ஆரெண்டு பிடிபட்டால் மறியல், சிறைக்குள்ளதான். "இந்த அறைக்கு வெளியில க்ரேஸ் எண்டு ஒருத்தி இல்லை" எண்டா. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். உள்ளுக்க நம்பேல்லை. புதுசாய் வந்த என்னை வெருட்டி வைக்கிறா எண்டுதான் பட்டுது.

வீட்டை போய் இவரிட்டைச் சொன்னன், க்ரேஸின்ர பேரை மட்டும் விழுங்கிப்போட்டு. இவர் மீன் பக்டரியில நிண்டு களைச்சு வந்து, காலைச் சுடுதண்ணியில வைச்சுக்கொண்டு இருந்தவர். கொஞ்சம் யோசிச்சார்.

"தமிழ்ப் பேர் இருக்கு, தமிழ் இல்லை. அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கழுத்தில கொழுவியிருக்கிறா. நீ எதுக்கும் ஒரு இடத்திலயும் கையெழுத்து வைச்சுப்போடாத, கண்டியோ."

தோடம்பழம்

கந்தோரில லிஸ் எண்டு ஒரு டெனிஷ் காரியதரிசி. நல்ல மனிசி, ஆனால் பழம் எண்டால் பொலிஸ். அந்த நாளில, அங்கத்தை நிறவெறி ஆட்சியை எதிர்த்து, தென்னாபிரிக்காவின்ர பழத்தை வாங்கக்கூடாதெண்டு கனபேர் பிடிவாதமாய் நிண்டவை. ஒருநாள் நான் தேத்தண்ணி நேரத்துக்கு ரெண்டு தோடம்பழம் கொண்டு போனன். லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. எந்த நாடெண்டு பழத்தில ஒட்டி வாற படம் இல்லை. அதை என்ர மகள் உரிச்சுத் தன்ர பள்ளிக்கூடக் கொப்பியில ஒட்டிப்போட்டாள். ஸ்பெயின் பழமெண்டு கடைக்காரன் சொன்னவன் எண்டு நான் சத்தியம் பண்ணாத குறை. லிஸ் பழத்தைக் கொண்டுபோய் யன்னலுக்கு வெளியில வைச்சா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. நாடில்லாமல் வந்தவள் நான், என்னிலயே சந்தேகம். அந்த நேரம் சிஸ்டர் உள்ள வந்தா, யன்னலைத் திறந்தா, பழத்தை எடுத்து உரிச்சு, ஒரு சுளையை வாயில போட்டுக் கண்ணைச் சுருக்கினா. லிஸ் வாயைப் பிளந்துகொண்டு நிண்டா.

"ஸ்பெயின்தான். எங்கட பழம் இவ்வளவு புளிக்காது."

ஏறாத நிறை

மூண்டாம் கிழமை ஒரு கள்ளம் என்ர கண்ணில பட்டுது. ஒரு பிள்ளையின்ர அட்டையில ஆறு மாதமும் ஒரே நிறை. அடுத்த அட்டையிலயும் அப்பிடி. அதுக்கடுத்ததிலயும். இது எங்களுக்குத் தெரியாத விளையாட்டோ? தராசு பழுதான நாளில ஊரில நாங்களும் போன மாதத்து நிறையைப் பாத்துத்தானே எழுதினனாங்கள். ஆனால் மனச்சாட்சிக்கு ஒரு இருநூறு கிராமாவது கூட்டிப் போடுவம். இவள் அந்தக் கரைச்சலும் படாமல் அப்பிடியே பாத்து எழுதியிருக்கிறாள் எண்டு எரிச்சல் வந்துது.

இன்னொண்டும் உறுத்திச்சு. நோயின்ர பேர் எழுதுற இடத்தில எல்லாருக்கும் வயித்தோட்டம். கால் வீங்கின பிள்ளைக்கும் அதுதான், தலைமயிர் செம்பட்டை பத்தின பிள்ளைக்கும் அதுதான். வீக்கத்தையும் மயிரையும் ஓரத்தில வடிவாய் எழுதியிருக்கு. படிச்ச தாதி அதைப் பாத்த உடன சாப்பாடு இல்லாத நோயெண்டு சொல்லிப்போடுவாள், இவள் மட்டும் சொல்லேல்லை. நான் மூண்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் சிஸ்டருக்கு முன்னால போட்டன், பிடிச்சிட்டன் எண்ட மாதிரி.

சிஸ்டர் அட்டையளை ஒழுங்காய் அடுக்கிக்கொண்டு சொன்னா. அந்த நோயை மேலிடத்துக்கு அறிவிக்கத் தேவையில்லையெண்டு அங்க நிப்பாட்டிப்போட்டினமாம். பேரை எழுதினால் எழுதின தாதியைத்தான் கூப்பிட்டு விசாரிப்பினமாம். அதால க்ரேஸ் கண்ணால கண்டதை மட்டும் எழுதுவாளாம், வாசிக்கிறவை விளங்கட்டும் எண்டு. நான் அதோட விட்டனோ? அப்ப தராசு பழுதோ எண்டு திருப்பிக் கேட்டன்.

"தராசு நல்ல தராசு, ஜெயா. பிள்ளைதான் ஏறேல்லை."

பிஸ்கற் ரின்

அதுக்குப் பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. எல்லா அட்டையிலயும் வலப்பக்கத்துக் கீழ் மூலையைக் காணேல்லை. கத்தரிக்கோலால வெட்டியிருக்கு. அது தாதி பேரும் பதிவு இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைக்கிற இடம். ஊரில எங்கட தலைமைத் தாதியாய் இருந்த மேற்றனிட்டை வேலை பழகின ஒருத்திக்கும் இதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. அவவின்ர கணக்கில கையெழுத்து இல்லாட்டில் வேலை நடக்கேல்லை. கையெழுத்து வைக்க மறந்து வீட்டை போன என்னை, ஆள் விட்டுக் கூப்பிட்டு, காய்ச்சலோட வரப்பண்ணி வைப்பிச்சவ.

ஒரு திங்கக்கிழமை சிஸ்டர் கூட்டம் ஒண்டுக்குக் கொப்பன்ஹேகன் போனா. போகேக்க கழுத்தில கிடந்த திறப்பைக் கழட்டி என்ர கையில தந்தா. அடுத்த நாள் எங்கட பேராசிரியர் ஹென்ரிக் வந்து, தென்னாபிரிக்காவில இருந்து ஒரு பேராசிரியர் வெள்ளிக்கிழமை அட்டையளைப் பாக்க வாறார், நல்ல மனுசனாம், ஆயத்தமாய் இருக்கட்டும் எண்டிட்டுப் போனார். தாதிமாரே, உங்களுக்குத் தெரியும். மேலிடத்தில இருந்து ஆள் வாறார் எண்டால் எங்களுக்கு மூளை நிண்டுபோடும், கை மட்டும் ஓடும். கட்டில் விரிப்பை இழுக்கிறது, வெறுங் கட்டங்களை நிரப்புறது, விடுபட்ட கையெழுத்தைத் தேடுறது.

பிஸ்கற் இருக்குமெண்டு அலுமாரிக்குள்ள கிடந்த நீல ரின்னைத் திறந்தன். உள்ளுக்க நாப்பத்திமூண்டு மூலை. எல்லாத்திலயும் ஒரே கை எழுதின ஒரே பேர், க்ரேஸ். அப்ப அட்டையள் கள்ளம் இல்லை எண்டு எனக்குப் பெரிய நிம்மதி. பெட்டிக்குள்ள அடங்கேல்லை எண்டு சிஸ்டர் வெட்டியிருப்பா, இதென்ன தாதி எண்டு புறுபுறுத்துக்கொண்டு, வெட்டின விளிம்பை விளிம்போட பொருத்தி, ரேப் போட்டு, ரெண்டு பின்னேரம் இருந்து எல்லாத்தையும் ஒட்டினன். எல்லாம் கனகச்சிதம். லிஸ் கோப்பியோட வந்து எட்டிப் பாத்தா.

"நீ இவ்வளவு சந்தோசமாய் வேலை செய்து நான் இண்டைக்குத்தான் காணுறன்."

வெள்ளிக்கிழமை

விருந்தாளி ரெண்டு மணிக்கு வாறதெண்டு ஏற்பாடு. நான் முதியோர் இல்லத்தில லீவு சொல்லிப்போட்டு வேளைக்கே வந்திருந்தன். சிஸ்டர் ஒரு மணிக்கே ஸ்ரேசனால நேரை வந்தா. கப்பலில ஏறிக் கடல் தாண்டி வாற ரெயில், மனிசி நல்லாய்க் களைச்சிருந்தா. மேசையில அடுக்கியிருந்த அட்டையளைப் பாத்தா. கோட்டைக் கழட்டாமல் கதவைப் பூட்டினா. என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பன்.

"ஒருநாள் நானே ஒட்டுவன் எண்டுதான் வைச்சிருந்தன். அந்த நாள் இன்னும் வரேல்லை" எண்டு மட்டும் சொல்லி, ஒரு கத்தரிக்கோலை என்னட்டைத் தந்து, மற்றதைத் தான் எடுத்தா. அப்பதான் நான் செய்தது என்னெண்டு எனக்கு விளங்கிச்சுது. அடையாள அட்டையைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு, பேர் கேக்கிற ஒவ்வொரு ஆமிக்காரனுக்கும் நடுங்கி வந்தவள் நான். ஒரு பேர் ஒருத்தியை என்ன செய்யுமெண்டு எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. எண்டாலும் ஒட்டினனே. வெக்கமாய் இருந்தது, இண்டைக்கும் வெக்கம்தான்.

ரெண்டு பேருமாய் வெட்டினம். எண்ணிப் பாத்தால் நாப்பத்திரெண்டு. திருப்பி எண்ணினம், நாப்பத்திரெண்டுதான். மத்தியானம் நான் தேத்தண்ணிக்குப் போன நேரம் ஹென்ரிக் மாதிரிக்கு ஒண்டு எடுத்துக்கொண்டு போனவராம், லிஸைக் கேக்கத் தெரிஞ்சுது. ஹென்ரிக்கின்ர அறைக்கு ஓடினம். விருந்தாளி வேளைக்கே வந்திட்டார். ஒரு கையில கோப்பிக் கோப்பை, மற்றக் கையில அட்டை, யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். சிஸ்டர் சிரிச்சுக்கொண்டு போய், இது இன்னும் பதிஞ்சு முடியேல்லை எண்டு மரியாதையாய்க் கேட்டு வாங்கினா. மனுசன் பிகு பண்ணாமல் தந்திட்டார். அவரும் சிரிச்ச முகம்தான்.

"என்ன வடிவான கையெழுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சவவாய் இருக்கவேணும்."

பார்சல்

மாதம் ஒருக்கால் க்ரேஸிட்டை இருந்து வாற அட்டைப் பார்சல் அதோட நிண்டுபோச்சு. அங்க போய் வாற ஆக்களின்ர கையில வாறது. முதல் மாதம் பிந்துது எண்டு நினைச்சம். ரெண்டாம் மாதமும் வரேல்லை. நான் விருந்தாளியைச் சந்தேகப்பட்டன். அவரைக் கூப்பிட்ட ஹென்ரிக்கைச் சந்தேகப்பட்டன், எட்டிப் பாத்த லிஸைச் சந்தேகப்பட்டன். எல்லாரையும் சுத்தி வந்து கடைசியில என்னட்டைத்தான் நிண்டுது. சிஸ்டர் வேலைக் கதை தவிர ஒண்டும் கதைக்கிறேல்லை, திறப்பு திரும்பவும் அவவின்ர கழுத்தில. ஞாயிற்றுக்கிழமையில மாதா கோயிலில மெழுகுதிரி கொளுத்தி, முகம் தெரியாத ஒருத்திக்காகவும் அவளின்ர ரெண்டு பிள்ளையளுக்காகவும் மண்டாடினன். இவர் ஏன் அழுகிறாய் எண்டு கேட்டார். அந்தப் பேரை அப்பவும் நான் சொல்லேல்லை.

ஐஞ்சு மாதத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம் நான் போகேக்க மேசையில பழுப்புத் தாள் சுத்தின பார்சல் ஒண்டு கிடந்தது. சிஸ்டர் அதைத் தொடாமல் எனக்காகக் காவல் இருந்தா. நூலை வெட்டினா. உள்ளுக்க அட்டையள். அதே கை, அதே மை, ஓரத்தில அதே குறிப்பு, வீக்கம், செம்பட்டை மயிர். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டன். பிறகுதான் கவனிச்சன், ஒரு அட்டைக்கும் மூலை இல்லை. அடிமட்டம் வைச்சு நேராய் வெட்டியிருக்கு, சிஸ்டர் வெட்டுறதிலும் பாக்க நேர்த்தி. வெட்டின மூலையள் பார்சலுக்குள்ள இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையே சிஸ்டர் ஆரோ ஒராள் மூலம் கவனம் எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறா. க்ரேஸ் கொஞ்சக் காலம் பேசாமல் அடங்கி இருந்திருக்கிறாள். அவ்வளவுதான். அட்டையளுக்கு நடுவில மடிச்ச துண்டு ஒண்டு இருந்தது. சிஸ்டர் அதை வாசிச்சுப்போட்டு, ஐஞ்சு மாதத்துக்குப் பிறகு முதல் தரம் சிரிச்சா. என்னெண்டு கேட்டன். சத்தமாய் வாசிச்சுக் காட்டினா.

"இனி மூலையை நானே வெட்டி அடுப்பில போடுறன். உங்கட கந்தோரில நல்லாய் ஒட்டத் தெரிஞ்ச தாதி ஒருத்தி இருக்கிறாளாம்."

எத்தினையோ மேற்றன்மார் எனக்கு நற்சான்றிதழ் எழுதித் தந்தவை, ஆனால் என்னைச் சரியாய் நிறுத்து எழுதினவள் நான் முகம் காணாத க்ரேஸ் ஒருத்திதான், அந்தத் துண்டிலயும் கையெழுத்து இல்லை.